சுடலைக்குக் கிடைத்த கஸ்டம்ஸ் ரசீது

“அண்ணாச்சி, இங்கன எங்க சாமியப் புடிச்சு வச்சிக்கிட்டாவ.”

மாலத்தீவு ஏர்போர்ட்டில், கஸ்டம்ஸ் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பெண் போனில் பேசிய பேச்சு இது. நான் வண்ணார்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் ஒரு கையில் போனும் மறு கையில் உளுந்த வடையுமாக உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் டிக்கெட் போட்டவன் நான். பாஸ்போர்ட்டை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனவனைப் பார்த்திருக்கிறேன். விசாவில் அப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறி, அப்பனை அனுப்பி வைத்த கதையும் உண்டு. சாமியைப் பிடித்து வைத்த கேஸ் மட்டும் அதுவரை என் மேசைக்கு வரவில்லை.

“யாரு பேசுதது?”

“நான்தான் அண்ணாச்சி, நர்ஸ் இசக்கியம்மாள். மத்தியானம் பிளைட்டு ஏறுனேம்லா.”

“நீதான் சாமி ஒண்ணும் கொண்டு போகலியே தாயி? நேத்து நான்தான பெட்டியப் பாத்தேன்?”

“பாத்திய. பாத்துட்டு, கைப்பையில வச்சுக்கோன்னு நீங்கதான சொன்னிய.”

கையிலிருந்த வடையை மேசையில் வைத்தேன்.

போன வருஷம் நான் வேலையிலிருந்து நின்றேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எந்த நாட்டு ரூலையும் போனில் ஒரு தட்டு தட்டி எடுத்துவிடுகிறார்கள். ரூலைப் படிப்பது சுலபம். அதை நம்ம ஊர் ஆளிடம் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்வதில்தான் சனி உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சனி என்னை எப்படிப் பிடித்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. டியூட்டி ஃப்ரீ என்றால் லீவு நாள் இல்லை

எங்கள் ஆபீசில் மூன்று நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி. முதலாளி தச்சநல்லூர்க்காரர். நெற்றி நிறையத் திருநீறு. வாயைத் திறந்தால் வசவு. டிராவல்ஸ் ஆரம்பிக்கும் முன்பு தூத்துக்குடி ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்தவர். என்னை ‘சாகுலு’ என்பார். கோபம் வந்தால் ‘வே சாகுல் அமீது’ என்று முழுப் பெயரும் வரும்.

கல்ஃபுக்குப் போகிறவர்கள் விவரமானவர்கள். அண்ணன், மச்சான், மாமன் என்று யாராவது ஏற்கெனவே போயிருப்பார்கள். மாலத்தீவுக்கு நம்ம பக்கத்திலிருந்து போகிற நர்சு, டீச்சர், ரிசார்ட் வேலைக்காரர்கள் அப்படி இல்லை. பலருக்கு அதுதான் முதல் பிளைட். மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஏர்போர்ட்டில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்பதால், பாபநாசம் பஸ்ஸில் போகிற நினைப்பிலேயே கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்டில் கஸ்டம்ஸ் என்று ஒன்று உண்டு, அது பாபநாசம் செக்போஸ்ட் மாதிரி இல்லை என்று நாங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

இதில் டியூட்டி ஃப்ரீ என்கிற வார்த்தை பண்ணிய அட்டூழியம் கொஞ்சநஞ்சம் இல்லை. பிளம்பர் வேலைக்குப் போன ஒருத்தன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“டூட்டி ஃப்ரீ சரக்குன்னா, டூட்டி இல்லாத அன்னைக்கு மட்டுந்தான் குடிக்கணுமா அண்ணாச்சி?”

“ஏலே, அது வேல டூட்டி இல்ல. வரி. வரி இல்லாம இவ்வளவு கொண்டு போகலாம்னு ஒரு கணக்கு.”

“அப்ப எவ்வளவு கொண்டு போகலாம்?”

“நீ போற நாட்டுக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது.”

“பொறவு எதுக்கு அண்ணாச்சி ஃப்ரீங்காவ?” என்று வருத்தத்தோடு போனான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இன்னொருத்தர் முக்கூடல் பக்கம். சிகரெட்டு இத்தனை குச்சி, புகையிலை இத்தனை கிராம் என்று நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, “பீடிய எதுல சேப்பாவ? குச்சியிலயா, கிராமுலயா?” என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி சீலிங் ஃபேனைப் பார்த்தார். இன்று வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது. “நீரு பேசாம பீடிய விட்டுரும் வே” என்று சொல்லி அனுப்பினேன். அது மட்டும் சரியான பதில் என்று அவர் வீட்டுக்காரி வந்து நன்றி சொன்னாள்.

இப்படி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தொண்டை வறளப் பேச முடியாது என்று ஒரு தாள் போட்டேன். தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம். சாராயம் கூடாது. பன்றிக்கறியும் அதில் செய்ததும் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை கூடாது. செடி, விதை, மண் பற்றிக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. நடுவில் கொட்டை எழுத்தில், ‘சாமி சிலை கொண்டுபோகக் கூடாது’. அந்த நாட்டில் வேறு மதத்தின் வழிபாட்டுச் சிலைகளை உள்ளே விடமாட்டார்கள். அது அவர்கள் சட்டம். இங்கிலீஷில் ‘ஐடல்’ என்று இருந்ததை நான் ‘சிலை’ என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, “தமிழ் வாத்தியாரு தோத்தாரு போ” என்றார். அந்தப் புகழ்ச்சியில் நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

2. காப்பு

இசக்கியம்மாளுக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. கட்டிக்கொடுத்தது தச்சநல்லூரில். புருஷன் மினி பஸ் டிரைவர். இரண்டு பிள்ளைகள். ஒன்று பள்ளிக்கூடம் போகிறது, இன்னொன்று இப்போதுதான் இடுப்பை விட்டு இறங்கி ஓடுகிற வயசு. தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு மாலத்தீவில் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள். போகிற தீவில் நம்ம ஆள் என்று ஒருத்தரும் கிடையாது. கடலையே திருச்செந்தூரில் கரையில் நின்று பார்த்ததுதான்.

என் தாளை அவள் படித்த மாதிரி யாரும் படித்ததில்லை. பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் டிக் அடித்தாள். மருந்துச் சார்ட் எழுதிப் பழகிய கை. சிலை வரியில் பேனா நின்றது.

“சிலைன்னா எதெல்லாம் அண்ணாச்சி?”

“கல்லு, செம்பு, மரம், பிளாஸ்டிக்கு, எதுல செஞ்சாலும் சிலைதான்.”

“படம்?”

“அதும் வேண்டாம். போன்ல இருக்குத படத்தக் கும்பிட்டுக்கோ. அத யாரும் புடுங்க மாட்டாவ.”

“சிலை நம்மகிட்ட கிடையாது” என்று டிக் அடித்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய குலசாமிக்குச் சிலையே கிடையாது.

முதல் தடவை போகிறவர்களின் பெட்டியை முந்தின நாள் ஆபீசிலேயே திறந்து பார்த்து, கொக்கித் தராசில் தூக்கி எடை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். முதலாளி கொண்டுவந்தது. ஏர்போர்ட்டில் நின்று உள்பாவாடையையும் ஊறுகாயையும் வெளியே எடுத்துப்போடுகிற கேவலம் நம்ம கஸ்டமருக்கு வரக்கூடாது என்பார். இசக்கியின் பெட்டியில் மூலையில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம். மூடியைச் சுற்றி மஞ்சள் துணி, மூன்று முடிச்சு. தூக்கினால் நல்ல கனம்.

“இது என்ன தாயி?”

“காப்பு அண்ணாச்சி.”

காப்பு என்றால் எனக்குக் கையில் போடுகிற தங்கக் காப்பு. இவ்வளவு கனத்துக்குத் தங்கமா, மினி பஸ்ஸில் இவ்வளவு வருமானமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அடுத்தவள் நகையை அவிழ்த்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று முடிச்சைத் தொடவில்லை.

“காப்ப எல்லாம் யாராவது பெட்டியில போடுவாவளா? பெட்டி காணாமப் போச்சுன்னா யாரு பொறுப்பு? கைப்பையில வச்சுக்கோ.”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நானும் அதத்தான் நெனச்சேன் அண்ணாச்சி. கூடவே இருக்கட்டும்” என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தங்கத்தைக் கண்ணில் ஒற்றுகிறாளே, லட்சுமியாக நினைக்கிறாள் போல என்று நினைத்தேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

உள்ளே இருந்தது பிடிமண். எங்கள் பக்கத்தில் சுடலைமாடனுக்கு வேறு ஊரில் கோயில் வைக்க வேண்டும் என்றால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். மண் போன இடத்துக்குச் சாமியும் போய்விடும். மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே இது தெரியும். எங்கள் தெருமுனைக்கு எதிரே இருக்கிற சுடலை, சேரன்மகாதேவியிலிருந்து பிடிமண்ணாக வந்தவர்தான். தாளில் மண் என்ற வரிக்கும் அவள் கூசாமல் டிக் அடித்திருக்கிறாள், அவளுக்கு அது மண்ணே இல்லை. அவள் காப்பு என்று சொன்னது காவலை. என் மரமண்டைக்கு வளையல்தான் தெரிந்தது.

3. சாமியா, மண்ணா?

இப்போது மறுபடி அந்தப் போனுக்கு வருகிறேன்.

“எக்ஸ்ரேயில பாத்துட்டு ஆபீசரு பையத் தொறக்கச் சொன்னாரு அண்ணாச்சி. சம்படத்தக் காட்டி, ஃபுட்டான்னாரு. இல்லன்னேன். மெடிசினான்னாரு. இல்லன்னேன். அப்ப என்னதுன்னாரு. காட் அப்டின்னேன்.”

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“கேட்டாருல்லா!”

எட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளிடம் கேள்வி கேட்டால் உள்ளதைத்தான் சொல்வாள். வெளியே ஆஸ்பத்திரி ஆள் பெயரெழுதின அட்டையோடு நிற்கிறார். அவளுடைய தீவுக்கு நாலு மணிக்கு ஒரு படகு. அதை விட்டால் அடுத்தது இரண்டு நாள் கழித்து. ஆனால் மறுநாள் காலையில் அவள் வேலையில் சேர்ந்தாக வேண்டும் என்று ஆர்டரில் எழுதியிருந்தது. சேராவிட்டால் ஆர்டர் ரத்து. அப்போது மணி மூன்றேகால். தடை செய்த பொருள் கொண்டுவந்தாள் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் வேலையும் போயிற்று, பாஸ்போர்ட்டிலும் கறை.

“போன அந்த ஆபீசர்கிட்ட குடு” என்றேன்.

அவர் சின்னப் பையன் குரலில், ரொம்ப மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. வைகிறவனிடம் காலில் விழுந்தாவது காரியம் சாதிக்கலாம்.

“ஒன்லி மட் சார்! ஜஸ்ட் மட்! நோ காட், நத்திங் சார்!” என்று கத்தினேன்.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

“யாரப் பாத்து நத்திங்குங்கிய?” என்று பின்னால் இசக்கியின் குரல். “அண்ணாச்சின்னும் பாக்க மாட்டேன். எங்க சுடலையப் பாத்து நத்திங்கா? வாயக் கழுவுங்க மொதல்ல!”

“ஏ தாயி, ஒன்னயக் காப்பாத்தத்தான சொல்லுதேன்!”

“அவரு என்னயக் காப்பாத்துவாரு. நீங்க அவரக் காப்பாத்துங்க!”

ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். “இந்த லேடி, ‘காட்’ என்கிறார். நீங்கள் ‘மட்’ என்கிறீர்கள். எது?”

எந்தப் பதிலைச் சொன்னாலும் குழிதான். சாமி என்றால் வழிபாட்டுப் பொருள், தடை. மண் என்றால் பூச்சி, கிருமி பார்க்கிற ஆட்கள் எடுத்து அழித்துவிடுவார்கள். ஆனால் மண் என்று சொன்னால் அவளை அப்போதே விட்டுவிடுவார்கள், படகையும் பிடித்துவிடலாம். எனக்கு அதுதான் வழியாகத் தெரிந்தது. தமிழில் பைய அவளிடம் சொன்னேன்.

“மண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி. ஒன்னய விட்டுருவாவ.”

“அவர?”

“அவர... குப்பையில போடுவாவ.”

ஏர்போர்ட் அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள், வாய்விட்டு அழுதாள்.

“பிள்ளையள விட்டுட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. சின்னது பஸ்ஸு பின்னாலயே ஓடி வந்துச்சி. அதுக்கே நான் திரும்பிப் பாக்கல. இவரயும் குப்பையில போட்டுட்டுப் போனா, அங்கன எனக்கு யாரு இருக்கா? வேல போனாப் போகட்டும். மண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்க்காத என் கூச்சத்துக்கு, இரண்டு பிள்ளை பெற்றவள் ஊர்பேர் தெரியாத இடத்தில் நின்று அழுகிறாள். மணி மூன்றரை.

அதுவரைக்கும் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“தள்ளும் வே சாகுல் அமீது. சார்! பாண்ட் சார்! கஸ்டம்ஸ் பாண்ட்! கீப், ரிசீப்ட் கிவ், ரிட்டர்ன் டைம் டேக்! நோ என்ட்ரி சார், ஒன்லி ஸ்டோர்!”

ஹார்பர் இங்கிலீஷ். வினைச்சொல் எல்லாம் தலைகீழாக நின்றது. விஷயம் நேராக இருந்தது. உள்ளே விடக்கூடாத பொருளை அழிக்காமல், கஸ்டம்ஸ் ஸ்டோரில் வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது, சொன்ன கெடுவுக்குள் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் தெரியாமல் கொண்டுவருகிற சாராயப் பாட்டிலுக்கு அங்கே தினமும் அதுதான் நடக்கிறது. சாராயத்துக்கு உண்டு என்றால் சாமிக்கு ஏன் கூடாது என்பது முதலாளியின் வாதம்.

ஆபீசர் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். பிறகு சரி என்றார். ஆனால் ரசீதில் எழுத, இது வழிபாட்டுக்கான பொருள் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

“எஸ்” என்றாள் இசக்கி. “காட்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கே கஸ்டம்ஸ்காரர்தான் வரம் கொடுத்தார்.

நாலு மணிப் படகை அவள் எப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் படகிலிருந்து போன் பண்ணினாள். வாந்தி எடுத்து எடுத்துக் குரல் கம்மிப்போயிருந்தது.

“ரசீதுல ஒரு எவர்சில்வர் டப்பா, மதம் சம்பந்தப்பட்டதுன்னு எழுதிருக்காவ அண்ணாச்சி. நான் போட்ட முடிச்சக்கூட அவுக்கல. ஆனா ஸ்டோர்ல ஒரு ராக்கு நெறைய சீமச்சாராயம். அதுக்கு நடுவுலதான் அவர வச்சாவ. மனசே கேக்கல.”

முதலாளி இதை ஸ்பீக்கரில் கேட்டதும் நாற்காலியே ஆடுகிற மாதிரி சிரித்தார். “ஏட்டி, கோயில் கொடை விழாவுல சுடலைக்கு நம்ம ரெண்டு பாட்டிலு படைக்கதுக்கே நாக்குத் தள்ளுது. அவருக்கு ஒரு ராக்கே குடுத்துருக்கான். இனும திரும்பி வருவாரான்னு பாரு!”

இசக்கியும் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

4. மச்சினன் சுமந்த சாமி

சிரித்து முடித்த பிறகுதான் கெடு ஞாபகம் வந்தது. ரசீதில் போட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள். இசக்கிக்கு லீவு ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் அங்கிருந்து ஊருக்கு வருகிற ஒரு ஆள் வேண்டும். என் கையில் இருந்தது ஒரே ஆள். என் மச்சினன் பீர் முகம்மது. அந்த நாட்டுத் தலைநகர் மாலேயில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். தாடி, தொப்பி, ஐந்து வேளைத் தொழுகை.

“மச்சான், நீங்க சொல்லுதது நல்லாருக்கா?” என்றான். “நான் எப்படி அவுக சாமியத் தூக்கிட்டு வர?”

“மாப்ள, அது வெறும் மண்ணுடா.” இதைச் சொல்லும்போது ஆபீசில் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

“மண்ணுன்னா ஒண்ணும் இல்ல. கொண்டாரேன்.”

“ஆனா இங்க இறங்கும்போது மண்ணுன்னு வாயத் தொறந்துராத. வெளிநாட்டு மண்ணு இங்கயும் கூடாது, புடுங்கிருவாவ. சாமின்னு சொல்லு.”

“யா அல்லாஹ்! சாமின்னு என் வாயால சொல்லவா?”

“ஒஞ் சாமின்னு சொல்லாதடா. அவுக சாமின்னு சொல்லு. அது பொய் இல்லையே?”

அரை நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான். இசக்கி ரசீதையும் ஒரு கடிதத்தையும் படகுக்காரர் மூலமாக மாலேக்கு அனுப்பினாள். கூடவே பீருக்கு ஒரு போன்.

“அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணே ஒண்ணு. எங்கயும் தரையில வச்சிராதிய. வச்ச எடத்துல நிலையம் போட்டு உக்காந்துருவாரு.”

பீர் அன்று முழுக்கப் பட்ட பாட்டை அவன் வாயால்தான் கேட்க வேண்டும். செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கையில் சம்படம். தண்ணீர் குடிக்க வேண்டும், கையில் சம்படம். பிளைட்டில் ஏர் ஹோஸ்டஸ் வந்து காலுக்கடியில் வையுங்கள் என்றாளாம். “அங்க வச்சா அவரு பிளைட்டவிட்டு இறங்க மாட்டாரு” என்று தமிழில் சொன்னானாம். அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, தலைக்குமேல் அலமாரியில் இடம் செய்து கொடுத்தாள்.

இந்தியாவில் அவன் இறங்கிய ஏர்போர்ட் எது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆபீசருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கும். அவர் சம்படத்தைக் கையில் வாங்கி, “இது எந்தா?” என்றார்.

பீர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “சாமி சார்.”

ஆபீசர் அவன் தாடியைப் பார்த்தார். சம்படத்தைப் பார்த்தார். மறுபடி தாடியைப் பார்த்தார்.

“நிங்ஙளுடெயோ?” உன்னுடையதா என்று மலையாளத்தில் கேட்டார்.

“இல்ல சார். எங்க ஊருக்காரவுக சாமி. அங்க விட மாட்டோம்னுட்டாவ. திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சம்படத்தை இரண்டு கையாலும் அவனிடம் திருப்பிக் கொடுத்தாராம். அங்கே சாமி என்றதால் உள்ளே விடவில்லை. இங்கே சாமி என்றதால் விட்டுவிட்டார்கள். சுடலை அதே சுடலைதான், சம்படமும் அதே சம்படம்தான். இதற்கு எந்த ரூல் புத்தகத்திலும் விளக்கம் கிடையாது.

ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். இசக்கியின் புருஷன் மினி பஸ் டிரிப் முடிந்து வர ஒரு மணி நேரம் ஆகும். பீர் லுஹர் தொழப் போக வேண்டும். எனக்கு டிக்கெட் கஸ்டமர். கடைசியில் முதலாளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பத்து நிமிஷம் பக்திமானாக இருந்தார். அப்புறம் நெளிய ஆரம்பித்தார்.

“வே சாகுலு, சுகர்காரன் வே நான். ஒண்ணுக்கு முட்டுது. யாராவது வந்து புடிங்களேன்!”

மினி பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பயணிகள் கத்துவதையும் பொருட்படுத்தாமல் இசக்கியின் புருஷன் ஓடி வந்து வாங்கிக்கொண்டான். சுடலை அன்றே சீவலப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

5. தாளைத் திருத்தியது

மறுநாள் முதல் வேலையாகத் தாளை எடுத்தேன். ‘சாமி சிலை’ என்பதை அடித்துவிட்டு, ‘நீங்கள் கும்பிடுகிற எதையும் கொண்டுபோகக் கூடாது, அது ஒரு பிடி மண்ணாக இருந்தாலும்’ என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு இந்த முறை தமிழ் வாத்தியாரை இழுக்கவில்லை. பெட்டி பார்க்கும்போது காப்பு என்று யாராவது சொன்னால், கையில போடுததா, காவலுக்கா என்று அதன் பிறகு கேட்காமல் விட்டதில்லை. முடிச்சு போட்டிருந்தால் அவிழ்த்துக் காட்டச் சொல்வேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் கூச்சப்பட்டால், அந்தப் பக்கம் நிற்கிறவள்தான் அழ வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து இசக்கியம்மாள் லீவில் வந்தாள். ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். குரலில் ஒரு கெத்து வந்திருந்தது.

“மொத மாசம் உசுரே இல்ல அண்ணாச்சி. தெனமும் அழுகதான். ஒரு நா ஒரு பிரசவ கேஸ பெரிய தீவுக்குக் கொண்டு போறோம். நடுக்கடல்ல பிள்ளைக்குத் தல வந்துட்டு. படகு இந்த ஆட்டு ஆடுது. கூட டாக்டரும் இல்ல. சுடலைன்னு கூப்புட வாயத் தொறந்துட்டேன். அவருதான் சீவலப்பேரிக்குப் போயிட்டாரேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சி.”

“பொறவு?”

“பொறவென்ன, நானே பாத்துட்டேன். பொம்பளப் பிள்ள. மூணு கிலோ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கருவாட்டு வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் பெட்டியோடு வந்தாள். கொக்கித் தராசை எடுத்தபடி கேட்டேன்.

“இந்தத் தடவ அவரக் கூட்டிட்டுப் போகலியே?”

“வேண்டாம் அண்ணாச்சி. ஒருக்க போயிட்டு வந்துட்டாருல்லா, இனும வழி தெரியும். வேணும்னா அவரே வருவாரு.”

சரி என்று தலையாட்டிவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். ஊறுகாய்ச் சம்படம், இட்லிப்பொடிச் சம்படம், மஞ்சள்பொடிச் சம்படம் என்று ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இசக்கிக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது.

“இவ்வளவு சொல்லியும் எம்மேல நம்பிக்க கெடையாதா அண்ணாச்சி?”

“ஒம்மேல உண்டு தாயி,” என்றேன். “அவரு மேலதான் இல்ல.”